ஹாஜிகளின் மருந்துப் பை

யமன் தேசத்தவர் சிலர் வழியுணவு ஏதுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்படுவர். கேட்டால், தவக்குல் என்பர். மக்கா வந்ததும் பிறரிடம் கையேந்துவர். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அருளப்பெற்றதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. பயணத்திற்கான பொருள்களைத் திரட்டிக்கொள்ளுமாறு அவ்வசனம் பணிக்கிறது. அதில் மருந்தும் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் முகத்தில் காயம் பட்டபோது, அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொணர, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். குருதி நிற்கவில்லை. உடனே பாய்த் துண்டொன்றை எரித்து, அச்சாம்பலைக் காயத்தில் வைத்து அடைத்தார்கள், குருதி நின்றது. போர்க்களத்தில் கைக்கெட்டிய பொருள் அதுவே. (தூய பஞ்சும் துணிக்கட்டும் கிடைக்கும் இக்காலத்தில் எவரும் புண்ணில் சாம்பல் வைத்துவிட வேண்டாம்.)

ஹஜ் பயணிக்கென்றே ஒரு மருத்துவ நூல் எழுந்தது ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில். எழுதியவர் பஅல்பக் நகரைச் சேர்ந்த குஸ்தா இப்னு லூக்கா, கிறிஸ்தவர். அப்பாஸிய ஆட்சியின் உயர் அலுவலரான ஹஸன் இப்னு மக்லத் ஹஜ்ஜுக்குச் செல்லவிருந்தார், அவருக்காகவே எழுதினார். வழிக்களைப்பு, உணவு, உறக்கம், புழுதியால் வரும் சளி, விஷக்கடி, கெட்ட நீரைச் சீராக்குதல் என அனைத்தையும் பேசும் அந்நூல், ‘மதீனா நரம்பு’ எனப்பட்ட நோயையும் விடவில்லை. நம் முன்னோர் நரம்புச் சிலந்தி என்று அஞ்சியதும் அதுவே: குடிநீரோடு உட்புகும் புழு, பல மாதங்கள் கழித்துக் காலைத் துளைத்து வெளிவரும். நீரைத் துணியில் வடிகட்டினாலே அது அணுகாது என்பது இன்று தெளிவு. இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்தான்!

அடுத்த நூற்றாண்டில் கைரவான் நகர மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், ‘ஸாதுல் முஸாஃபிர்’ எனும் நூலைத் தலை முதல் கால் வரையான நோய்களுக்கு ஏழு பகுதிகளாக இயற்றினார். பெயரின் பொருள் ‘பயணியின் கட்டுச்சோறு’. அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பாடசாலைகளிலும் ஓதப்பட்டது.

இன்று உம்ராவுக்குச் செல்லும் பெரியோரில் சிலர், கருஞ்சீரகமும் தேனும் போதும் எனச் சர்க்கரை நோய் மாத்திரையை வீட்டிலேயே வைத்துச் செல்வதை நாம் காண்கிறோம். யமன் தேசத்தவரின் பிழைக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. கருஞ்சீரகம் இருக்கட்டும், தேனும் இருக்கட்டும், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் அதைத் தர வேண்டாம். கடும் வெயிலில் வயிற்றுப்போக்குக் கண்டால் உயிர்காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசல். அதன் பொட்டலங்களும் வேண்டும். அன்றாட மாத்திரைகளோ, மருத்துவர் தந்த சீட்டுடன் கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெரிய பெட்டி விமானத்தில் தவறினால் ஊர் தெரியாத இடத்தில் எங்கே தேடுவது?