ஐந்து கிலோவுக்குள் ஒரு கடல்

"வண்டி எவ்வளவு கொடுக்குது?" என்பது நம்மூரில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்டுக்கொள்ளும் கேள்வி. ஐம்பது, அறுபது என்று பதில் வரும். லிட்டருக்கு ஏறக்குறைய 860 கிலோமீட்டர் கொடுத்த ஒன்று உண்டு. அது பால்சா என்ற தக்கை போன்ற மரத்தில் செய்த ஒரு மாதிரி விமானம். இறக்கை முனைக்கு முனை ஆறடி. 2003 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி, 11-ஆம் தேதி அயர்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கியது. நேரம் 38 மணி 52 நிமிடம். தூரம் 3,028 கிலோமீட்டர். குடித்த எரிபொருள் மூன்றரை லிட்டருக்குள்.

அதைச் செய்தவர் மேனார்ட் ஹில். அமெரிக்கர், உலோகவியல் பொறியாளர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அந்த ஆய்வகத்துக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் பழைய உறவு உண்டு. 1938-இல் அமெரிக்க தேசியப் போட்டியில் ரேடியோ விமானப் பிரிவில் வென்ற குட் இரட்டையர்களில் ஒருவரான வால்டர் குட் பின்னாளில் அங்கேதான் பணிபுரிந்தார். அவர்களுடைய 'கஃப்' விமானத்துக்கு எட்டடி இறக்கை தேவைப்பட்டது. வால்வு ரேடியோவையும் அதற்கான பேட்டரிகளையும் தூக்க வேண்டுமே! ஆரம்பத்திலிருந்தே இந்தத் துறையின் கதை எடையின் கதைதான்.

ஹில் 1970-இல் தன் மாதிரி விமானத்தை 8,205 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி உலக சாதனை செய்தார். இப்படி உயரம், தூரம், நேரம் என்று இருபதுக்கும் மேற்பட்ட சாதனைகள். அட்லாண்டிக் எண்ணம் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். சட்டப்படி பார்வையற்றவர் என்று சொல்லும் அளவுக்குக் கண் மங்கியிருந்தது. காதும் மந்தம். மரத்தை விரலால் தடவித் தடவித்தான் வேலை செய்தார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஆளில்லா விமானம் அட்லாண்டிக்கை ஏற்கெனவே தாண்டியாயிற்றே? ஆமாம். 1998 ஆகஸ்டில் 'லைமா' என்ற ஏரோசோண்ட் விமானம் அதே நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு 26 மணி 45 நிமிடத்தில் பறந்தது. ஆனால் அதன் எடை சுமார் 13 கிலோ. ஹில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டது வேறு ஒரு விதிக்குள். சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பின் கணக்கில் மாதிரி விமானம் என்றால் எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, எஞ்சின் 10 சிசியைத் தாண்டக் கூடாது. எங்கள் தொழிலில் இடம் போதவில்லை என்றால் பெரிய சர்வராக வாங்கிப் போட்டுவிடுவோம். இங்கே அந்த வழி அடைத்திருக்கிறது. இனி செய்யக்கூடியதெல்லாம் ஒன்றைக் குறைத்து இன்னொன்றுக்கு இடம் விடுவதுதான்.

முதல் கணக்கு எரிபொருள். மாதிரி விமான எஞ்சின்கள் வழக்கமாக மெத்தனாலில் ஓடுபவை. சாதாரணப் பறத்தலில் ஒரு தொட்டி கால் மணி நேரத்தில் காலி. மெத்தனாலின் எடையில் சரிபாதி ஆக்சிஜன். காற்றில் சும்மா கிடைக்கிற ஆக்சிஜனைத் தொட்டியில் சுமந்துகொண்டு போவானேன்? ஒரு கிலோ மெத்தனால் சுமார் 20 மெகாஜூல் தரும், ஒரு கிலோ பெட்ரோல் 44. ஆகவே ஹில் எடுத்துக்கொண்டது முகாம் விளக்குகளுக்கு ஊற்றும் வெள்ளை பெட்ரோல். வண்டிக்குப் போடும் பெட்ரோலில் இருக்கும் சேர்மானங்கள் அதில் கிடையாது. நூலளவு துவாரங்கள் வழியே இரண்டு நாள் எரிபொருள் ஓட வேண்டும் என்றால் அந்தச் சுத்தம் முக்கியம்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடிக்கும். மெத்தனால் எஞ்சினில் தீப்பொறி தேவையில்லை. பிளாட்டினக் கம்பிச்சுருள் ஒன்று, மெத்தனாலோடு நடக்கும் வினையிலேயே தணலாக நின்று ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும். பெட்ரோலில் அந்த வித்தை நடக்காது. அதனால் கடையில் கிடைக்கும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை வாங்கி, ஸ்பார்க் பிளக் வைக்கும்படி மாற்றினார்கள். பிளக்குக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கும் எடை உண்டு. கார்புரேட்டரையும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும்படி திருத்த வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபோது அந்த எஞ்சினுக்கு மணிக்கு 65 கிராம் எரிபொருள் போதும் என்றாயிற்று.

அப்படியும் எரிபொருள் மட்டும் இரண்டரை கிலோ. மீதி இரண்டரை கிலோவுக்குள் எஞ்சின், உடல், இறக்கை, ஜிபிஎஸ், தானியங்கி விமானி, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி, பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இறங்கும்போது விமானம் கிளம்பிய எடையில் பாதிதான் இருக்கும். எரிபொருள் எடை மையத்தில் இல்லாவிட்டால், எரிய எரிய மூக்கோ வாலோ தாழ்ந்துவிடும்.

2002 ஆகஸ்டில் மூன்று விமானங்களை அனுப்பினார்கள். மூன்றும் கரை சேரவில்லை. 2003-இல் நான்காவதும் போயிற்று. ஐந்தாவதன் அலுவல் பெயர் டாம்-5. செல்லப் பெயர் 'தி ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்'. மேரிலாந்தில் பறக்கவிட்டுச் சோதிக்கத் தன் பண்ணையைத் திறந்துவிட்ட பீச்சர் பட்ஸ் என்பவரின் நினைவாக வைத்தது. லிண்ட்பெர்க்கின் விமானம் செயின்ட் லூயிஸ் நகரத்தின் பெயரைத் தாங்கியது. இது புல்வெளி கொடுத்த ஒரு விவசாயியின் பெயரைத் தாங்கியது.

கேப் ஸ்பியர் முனையில் கையால் வீசிப் பறக்கவிட்டார்கள். கண்ணுக்கு எட்டும்வரை ஒருவர் ரேடியோவில் ஓட்டி, பிறகு தானியங்கியிடம் ஒப்படைத்தார். சுமார் 300 மீட்டர் உயரத்தில் அது கிழக்கே போனது. நடுக்கடலில் ஒரு கட்டத்தில் செய்தி நின்று போய், சில மணி நேரம் விமானம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு மறுபடி பேசியது. அயர்லாந்தின் மேனின் கடற்கரையில் காத்திருந்த டேவ் பிரவுன் அதை ரேடியோவில் வாங்கி இறக்கினார். பக்கத்தில்தான் கிளிஃப்டன். 1919-இல் ஆல்காக்கும் பிரவுனும் முதன்முதலாக அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டி வந்து சதுப்பில் இறங்கியது அந்த ஊரை ஒட்டித்தான். தொட்டியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

பெரும்பகுதி நேரம் தானே பறந்ததை ரேடியோ விமானம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கண் தெரியாத ஒருவர் விமானம் ஓட்டினார் என்று நெகிழ்ச்சியாக இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் கடலுக்கு மேல் அதை யாராலும் பார்க்க முடியவில்லை. நல்ல கண் உள்ளவர்களும் ஹில்லும் அந்த 39 மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருந்தார்கள். வானத்தில் போனதெல்லாம் முன்பே பட்டறையில் முடித்து வைத்த வேலை. அந்த வேலையை விரலாலும் தராசாலும் செய்ய முடிந்தது. ஹில் 2011-இல் காலமானார்.