நெய்வேலிக் கரியின் வாயுவாக்க வேகவியல்

நிலக்கரியை முழுவதும் எரித்துவிடாமல், உயர்வெப்பத்தில் நீராவியோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரியவைத்து எரிவாயுவாக்குவது வாயுவாக்கம். அது எவ்வளவு விரைவாக நடக்கிறது, எவை அதைத் தடுக்கின்றன என்று ஆராய்வது வாயுவாக்க வேகவியல். கடலூர் மாவட்டம் இதை ஆலையளவிலேயே கண்டிருக்கிறது. நெய்வேலி உர ஆலை 1966-இல் தொடங்கியபோது, அமோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பழுப்பு நிலக்கரியிலிருந்தே பெறப்பட்டது. அங்கு இயங்கியவை, ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் விங்க்ளர் 1920-களில் உருவாக்கிய, கீழிருந்து ஊதும் வாயுவில் கரித்துகள் புரளும் பாய்மப் படுகைக் கலன்கள்.

முதன்மை வினைகள் இரண்டு. இரண்டும் வெப்பங்கொள் வினைகள். கரியும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தரும்போது மோலுக்குச் சுமார் 131 கிலோஜூல் வெப்பம் தேவை. கரியும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு மட்டும் தரும்போது சுமார் 172 கிலோஜூல் தேவை. இந்த இரண்டாவது வினைக்குப் பூடுவார் வினை என்று பெயர். நெய்வேலியின் லெக்கோ என்ற அடுப்புக் கரியில் சமைத்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். அடுப்பு நன்றாகக் கனிந்ததும் கங்குகளுக்கு மேல் நீலச் சுடர் தவழும். அடியில் உண்டான கார்பன் டை ஆக்சைடு செந்தணலைக் கடக்கையில் கார்பன் மோனாக்சைடாகி, மேற்காற்று பட்டதும் அப்படி எரிகிறது.

இந்த வினைகளுக்கு வேண்டிய வெப்பத்துக்காகக் கலனுக்குள் ஆக்சிஜனும் செலுத்தி, கரியில் ஒரு பகுதியை எரிப்பார்கள். 800 டிகிரி செல்சியஸில் கார்பன் டை ஆக்சைடின் வினைவேகத்தை ஒன்று என்று வைத்தால், நீராவியின் வேகம் ஏறத்தாழ 3; ஆக்சிஜனின் வேகம் லட்சம் என்ற அளவில் இருக்கும். ஆகவே கலனுக்குள் ஆக்சிஜன் நொடியில் தீர்ந்துவிடும். கலன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கரி எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்பதை மந்தமான மற்ற இரண்டு வினைகளே முடிவு செய்கின்றன.

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு கரிப்பரப்பின் கிளர்வு மையத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவை விட்டுச் செல்கிறது. அந்த அணு ஒரு கார்பனைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறும். இதுவே மெதுவான படி. கார்பன் மோனாக்சைடு பெருகினால் கார்பன் டை ஆக்சைடு வினையும், ஹைட்ரஜன் பெருகினால் நீராவி வினையும் தளர்ந்துவிடும். வினை நிகழக் கடக்க வேண்டிய கிளர்வு ஆற்றல் பெரும்பாலும் மோலுக்கு 200 முதல் 250 கிலோஜூல் வரை. அதனால் 900 டிகிரியை 950 ஆக்கினால் வேகம் சுமார் இரண்டரை மடங்காகும். மேலும் சூடேற்றினால் நுண்துளைக்குள் வாயு ஊடுருவும் வேகம் ஈடுகொடுக்காது. அளவிடப்படும் கிளர்வு ஆற்றல் பாதியாகக் குறையும். ஆய்வகத் தராசில் சில மில்லிகிராம் கரித்தூளை மெல்லிய படலமாகப் பரப்பி எடை இழப்பைக் குறிப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். வினை நடக்க நடக்கத் துளைகள் அகன்று பரப்பு கூடும், பின்பு அவை ஒன்றோடொன்று கலந்து பரப்பு குறையும். 1980-இல் பாட்டியாவும் பெர்ல்மட்டரும் தந்த துளை மாதிரி இந்த ஏற்ற இறக்கத்தை விளக்குகிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அனல் மின்நிலையத்தில் அது குறை. வாயுவாக்கத்தில் இந்த இளங்கரிக்குத் தனி மதிப்பு உண்டு: பழுப்பு நிலக்கரிகளில் நுண்துளைகள் மிகுதி, அவற்றின் கரிம அமிலத் தொகுதிகளோடு பிணைந்த கால்சியமும் சோடியமும் வினையூக்கிகளாக உதவும். சாம்பல் இளகாதபடி வெப்பத்தை அடக்கி ஓட்டும் விங்க்ளர் கலனுக்கு இப்படிப்பட்ட துடியான கரியே ஏற்றது. மந்தமான கரி என்றால் பாதி வினையிலேயே சாம்பலோடும் தூசியோடும் வெளியேறும். ஆனால் கடும் வெப்பத்தில் கால்சியத் துகள்கள் திரண்டு பெரிதாகி, அந்தத் துடிப்பு மங்கிவிடும்.

பிற்காலத்தில் உர ஆலை எரி எண்ணெய்க்கு மாறி, பின்னர் மூடப்பட்டது. அண்மை ஆண்டுகளில், பழுப்பு நிலக்கரியிலிருந்து நாளொன்றுக்கு 1,200 டன் மெத்தனால் தயாரிக்கத் திட்டமிடப்பட்டதால் நெய்வேலியில் வாயுவாக்கம் மீண்டும் பேசப்படலாயிற்று. வேற்று நிலக்கரியின் வேக எண்களை இதற்குக் கடன் வாங்கக் கூடாது. ஒவ்வொரு சுரங்கத்தின் கரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். அளந்தவை ஆய்வகத்தோடு நின்றுவிடவும் கூடாது. கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் குடிகாடு மக்களுக்கு ரசாயன ஆலையின் அண்டை வாழ்வு என்னவென்று தெரியும். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு. ஆகவே கரியின் வேக அளவீடுகளையும் பாதுகாப்புக் கணக்குகளையும், ஆலை எழும் முன்பே, தமிழில் மக்கள் முன் வைக்க வேண்டும்.