குடியிருக்கும் ஃப்ளாட்டில் சூட்டையும் மின்கட்டணத்தையும் குறைப்பது எப்படி? கூரையிலிருந்து தொடங்க வேண்டும்

உலு யாம், பத்தாங் காலி, செரண்டா, ரவாங் வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறிய பிறகு வெளியேறிய குடும்பங்களில் பல, இன்று மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றன. பெரும்பாலும் ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை, மூன்று அறைகள், ஏறக்குறைய 650 சதுர அடி. தோட்டத்து வீட்டிலும் மதியத்தில் சூடு ஏறத்தான் செய்தது. ஆனால் பின்கதவைத் திறந்தால் முருங்கையோ ரம்புத்தானோ நிழல் தந்தது. ஐந்தாம் மாடியில் அந்த வசதி கிடையாது. சூட்டுக்கு ஒரே மாற்று ஏர்கோன் என்று ஆகிவிட்டது. அதன் கணக்கு மாதக் கடைசியில் தெனாகா நேஷனல் பில்லில் வந்து நிற்கிறது.

கட்டி முடித்து ஆள் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்காமல், குடியிருப்போரை வெளியேற்றாமல், மின்சாரம் குறைவாகத் தேவைப்படும்படி மாற்றுவதை எரிசக்திச் சீரமைப்பு என்கிறார்கள். குளிர் நாடுகளில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போகாமல் பார்ப்பதுதான் அதன் நோக்கம். நம் நாட்டில் வேலை தலைகீழ்: வெளிவெப்பம் உள்ளே வரக்கூடாது. இதனால் செலவும் நமக்குக் குறைவு. சுவர் முழுவதற்கும் போர்வை போர்த்த வேண்டியதில்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் உச்சி வழியாகவே போகிறது. ஆகவே கட்டடத்தில் அதிக வெயிலை வாங்கும் பகுதி கூரை; அடுத்தது மேற்குச் சுவர். சிமெண்டுத் தளக் கூரை பகல் முழுவதும் சூட்டைச் சேர்த்து வைத்து இரவில்தான் கீழே விடும். மேல்மாடி வீட்டில் இரவு பத்து மணிக்கும் சீலிங் கொதிப்பதற்குக் காரணம் இதுதான். தகரக் கூரையும் ஓட்டுக் கூரையும் இதைவிட விரைவில் ஆறும். ஆனால் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் அடைபட்ட காற்று பகலில் அடுப்புபோல் ஆகிவிடுகிறது.

மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட். தினமும் பத்து மணி நேரம் ஓடினாலும் மாதம் சுமார் 22.5 யூனிட்தான். ஒரு குதிரைத்திறன் கொண்ட பழைய வகை ஏர்கோன் இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 150 யூனிட் பிடிக்கும். அறை குளிர்ந்தால் கம்ப்ரஸர் அவ்வப்போது நின்று நின்று ஓடும். சீலிங் சூடாக இருந்தால் நிற்காமல் ஓடும்; அப்போது கணக்கு இன்னும் கூடும். 2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடி கூடும். ஆகவே கூரைச் சூட்டைக் குறைத்து ஏர்கோன் நேரத்தைப் பாதியாக்கும் குடும்பத்துக்கு இரண்டு வழியிலும் மிச்சம்.

இத்தகைய வேலையை நமக்கு அருகில் பெரிய அளவில் செய்துவரும் இடம் சிங்கப்பூர். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறது. 2020இல் அறிவிக்கப்பட்ட பசுமை நகரத் திட்டத்தின் இலக்கு, வீவக நகரங்களின் எரிசக்திப் பயன்பாட்டை 2030க்குள் 15 விழுக்காடு குறைப்பது. தெம்பனிஸில் சுமார் 130 கட்டடங்களுக்கு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சாயம் பூசும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. சுற்றுப்புற வெப்பம் 2 டிகிரி வரை குறையலாம் என்று வீவக எதிர்பார்த்தது. நடைபாதை விளக்குகள் எல்.இ.டி. விளக்குகளாக மாறின. 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறின. பகலில் லிஃப்டும் தண்ணீர் பம்பும் அதில் ஓடுகின்றன; மிஞ்சும் மின்சாரம் பொதுக் கட்டமைப்புக்குப் போகிறது. தகடுகள் தனியார் நிறுவனத்தின் சொத்து. நகர மன்றம் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறது. முன்பணம் பெரிதாகத் தேவைப்படவில்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஆள் இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் வேலை செய்யும் முறை. 2007இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டம் எரிசக்திக்காக வந்ததல்ல. பெயர்ந்த சிமெண்டு, ஒழுகும் குழாய், போதாத மின் இணைப்பு ஆகியவற்றைச் சரிசெய்ய வந்தது. ஆனாலும் அதன் விதிகள் எல்லாச் சீரமைப்புக்கும் பொருந்தும். தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்புக்கொண்டால்தான் அந்தக் கட்டடத்தில் வேலை தொடங்கும். கட்டாய வேலைகளின் செலவு குடிமக்களுக்கு முழுவதும் அரசுடையது. விருப்ப வேலைகளுக்கு வீட்டின் வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு மட்டும் கட்டினால் போதும். ஒரு வீட்டில் வேலை பத்து நாளில் முடிய வேண்டும். கழிப்பறை உடைபடும் நாள்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை தரப்படுகிறது. வயதானவர் இருக்கும் வீட்டில் இந்தக் கடைசி ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பது, ஒருமுறை குளியலறை உடைத்துக் கட்டியவர்களுக்குத் தெரியும்.

இதை அப்படியே உலு சிலாங்கூருக்குக் கொண்டுவர முடியாது. சிங்கப்பூரில் கட்டடம் முழுவதற்கும் பொறுப்பான அமைப்பு ஒன்று இருக்கிறது. இங்கே வாங்கிய ஃப்ளாட்டுக்கு நூறு உரிமையாளர்கள். வாடகை பிபிஆர் வீடுகள் வேறு கணக்கு. அங்கே கட்டடம் அரசுடையது, கோரிக்கையும் அரசுத் தரப்புக்கே போக வேண்டும். வாங்கிய ஃப்ளாட்டில், மேல்மாடிக் குடும்பத்தைச் சுடும் கூரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானதல்ல. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி அது பொதுச் சொத்து. தன் செலவிலேயே வெள்ளைச் சாயம் அடிக்கிறேன் என்றாலும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கீழ்மாடி வீட்டுக்காரருக்கோ கூரைச் சூடு தெரியாது. ‘என் காசு ஏன் உன் கூரைக்கு?’ என்ற கேள்வி இங்குதான் எழுகிறது. சட்டம் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: பொதுச் சொத்தின் செலவு எல்லா உரிமையாளருக்கும் பொது.

அந்தச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணத்தோடு, அதில் 10 விழுக்காட்டைச் சிங்கிங் ஃபண்ட் எனப்படும் ஒதுக்கு நிதிக்கும் கட்ட வேண்டும். சாயம் பூசுதல், சாதனங்களை மாற்றுதல், பொதுச் சொத்தை மேம்படுத்துதல் ஆகிய பெரிய செலவுகளுக்கு உரிய பணம் அது. ஒரு கணக்குக்கு, மாதக் கட்டணம் 50 ரிங்கிட் என்றால் ஒதுக்கு நிதிக்கு 5 ரிங்கிட். நூறு வீடும் ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் சேரும். பாதிப்பேர் கட்டவில்லை என்றால் 3,000. ஒரு கட்டடத்தின் கூரை வேலைக்கு இது போதாது. இதனால்தான் வெளி உதவி தேவைப்படுகிறது. மலிவு விலை ஸ்ட்ராட்டா குடியிருப்புகளின் பொதுச் சொத்தைப் பழுதுபார்க்க, மாநிலத்தில் சிலாங்கூர் வீடமைப்பு, சொத்துடைமை வாரியத்தின் ‘ஸ்கிம் செரியா’ திட்டமும், மத்தியில் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் பராமரிப்பு நிதியும் உள்ளன. சாயம், கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இவற்றின்கீழ் செய்யப்படும் வேலைகள். எப்படியும் சாயம் பூசப்போகிறார்கள் என்றால், வெயிலைத் திருப்பும் வெளிர்நிறச் சாயத்தைக் கேட்டு வாங்குவதற்கு அதுவே நேரம். கருஞ்சிவப்பும் அடர்நீலமும் திறப்பு விழாப் படத்துக்கு அழகாக இருக்கும். வெயிலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

வேலை வரிசையில் முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும். நனைந்த வெப்பத்தடுப்புப் பஞ்சு பயனற்றது. தளக் கூரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சும் அதன்மேல் வெயில் திருப்பும் பூச்சும் போதும். சாதாரண வெள்ளைச் சாயம் மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். நல்ல பூச்சைக்கூட அவ்வப்போது கழுவ வேண்டும். தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் கீழே அலுமினியத் தாளும் பாறைநார்ப் பஞ்சும் விரிப்பது வழக்கம். தாளின் பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் வெப்பத்தை அதுவே கடத்தும்.

பழைய கட்டடங்களில் அலைவடிவச் சிமெண்டுத் தகடு இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதைத் துளையிடுவது, தேய்ப்பது, அழுத்த நீரால் கழுவுவது எல்லாம் ஆபத்து. கிளம்பும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயைத் தரும். கீழே ஆள் குடியிருக்கும்போது இந்த வேலையை மலிவான குத்தகையாளரிடம் கொடுக்கவே கூடாது.

சுவருக்கு வெளியே போர்த்தும் பலகைகளை விற்க வருபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. லண்டனில் 1974இல் கட்டி முடிக்கப்பட்ட 24 மாடி கிரென்ஃபெல் டவர் பொதுவீடமைப்புக் கட்டடம். குடியிருப்போர் உள்ளே இருக்கும்போதே சீரமைக்கப்பட்டு, 2016இல் வேலை முடிந்தது. குளிரைத் தடுக்கவும் தோற்றத்துக்காகவும் சுவரில் பொருத்திய அலுமினியப் பலகைகளின் நடுவில் எரியக்கூடிய பிளாஸ்டிக் இருந்தது. 2017 ஜூன் 14 அதிகாலையில் நான்காம் மாடிச் சமையலறையில் குளிர்பதனப்பெட்டி அருகே பற்றிய தீ, அந்தப் பலகைகள் வழியாகக் கட்டடம் முழுவதும் ஏறியது. 72 பேர் இறந்தனர். தீப்பாதுகாப்பு பற்றிக் குடியிருப்போர் அதற்கு முன்பே பலமுறை எழுதிப் புகார் செய்திருந்தார்கள். நம் வெயிலுக்குச் சுவர்ப் பலகை பெரும்பாலும் தேவையே இல்லை. மேற்கு ஜன்னலுக்கு மேல் ஓர் அடி நிழற்தகடும், அடைத்துவைத்த காற்றுத் துளைகளைத் திறப்பதுமே கணிசமான பலன் தரும்.

சூரியத் தகடு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடியில் பொது மின்சாரம் நடைபாதை விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும்தான். விளக்கு எரிவது இரவில். அங்கே எல்.இ.டி. மாற்றினாலே பொதுப் பில் பெருமளவு இறங்கும். தகடு அடுத்த கட்டம். லிஃப்ட் உள்ள உயர்ந்த கட்டடங்களுக்குக் கணக்கு வேறு.

இதையெல்லாம் தொடங்கும் இடம் ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாக எழுத்துமூலம் கொடுத்தால், எந்த உரிமையாளரும் ஒரு தீர்மானத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லலாம். கட்டண பாக்கி உள்ளவர்கள் வாக்களிக்க முடியாது. கூரையைப் பற்றிப் பேச விரும்பும் மேல்மாடிக்காரர்கள் முதலில் தங்கள் பாக்கியை முடித்துவிடுவது நல்லது. வர இயலாதவர் பிரதிநிதியை எழுதிக்கொடுத்து அனுப்பலாம். வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கில்லை. வீட்டு உரிமையாளரிடம் சொல்லி அவரை வரவழைக்க வேண்டும். நிர்வாகக் குழு செயல்படவே இல்லை என்றால், நகராண்மைக் கழகத்திலுள்ள கட்டட ஆணையர் பிரிவில் எழுத்துமூலம் புகார் செய்யலாம். மேல்மாடி வீட்டுச் சீலிங்கின் ஒழுக்குக் கறை, விரிசல் ஆகியவற்றின் படங்களையும் கடந்த ஆண்டின் பில்களையும் அந்தக் கடிதத்தோடு இணைத்துக் கொடுக்கலாம்.