கண்ணாடி மாளிகையிலிருந்து யன்னலோரத்துக்கு

19ஆம் நூற்றாண்டில் ஓர்க்கிட் ஐரோப்பியச் செல்வந்தரின் மலர். அவர்களது கண்ணாடி மாளிகைகளுக்காக வெப்பமண்டலக் காடுகள் சூறையாடப்பட்டன.

1856இல், இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணையில் ஜோன் டொமினி உருவாக்கிய முதற் கலப்பினம் பூத்தது. ஆயினும் தூசு போன்ற ஓர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் அதற்கு உணவூட்டுவது ஒருவகைப் பூஞ்சணம். எனவே பண்ணைகளில் விதை முளைப்பது அரிதாகவே இருந்தது.

1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சணமின்றியே சீனி கலந்த ஏகார்க் கூழில் விதைகளை முளைக்கவைத்த முறையை வெளியிட்டார். கலப்பினங்கள் பெருகின, விலை இறங்கியது. சொக்கலேற் மணம் கமழும் 'ஷெரி பேபி' அவ்வழி வந்ததே.

வளர்ப்பதும் கடினமன்று. மரப்பட்டைத் துண்டுகளில் நட்டு, உச்சிவெயில் படாது வைத்து, ஈரம் குறைந்தபின் நீர் விட்டாற் போதும். தேங்கிய நீர் வேரை அழுக்கும்.

வாங்குமுன், பண்ணையில் வளர்ந்ததா என்று கேளுங்கள். காட்டில் பிடுங்கிய செடியை வாங்குவோர், அந்தப் பழைய சூறையாடலையே தொடர்கின்றனர்.