பயமில்லாத குழந்தை வேண்டும்!

மூன்றே மூன்று பரீட்சைதான். முதலில் 15 மீட்டர் ஓட வேண்டும். அடுத்து, நீளம் தாண்ட வேண்டும். அப்புறம் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டையின் மேல் ஏறி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க வேண்டும். அவ்வளவே!

வந்திருந்த பெண்களுக்கு வயது ஆறு, ஏழு. ஓட்டத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டை மேல் ஏறியதும் முகத்தில் பயம் தெரிந்தால்? உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பரீட்சை வைத்தவர் பேலா கரோலி. இடம், ருமேனியாவின் ஒனெஷ்டி. காலம் 1960-களின் கடைசி. எண்ணெய் சுத்திகரிப்பும் ரசாயனத் தொழிற்சாலைகளுமாக இருந்த ஊர். அங்கேதான் பேலாவும் அவர் மனைவி மார்த்தாவும் சோதனை முயற்சியாக ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பள்ளி நடத்தினார்கள்.

இந்த பேலா யார் தெரியுமோ? இளவயதில் குத்துச்சண்டை போட்டவர். சுத்தியல் எறிபவர். ஆள் மலை மாதிரி இருப்பார். உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது கட்டாயமாக ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் நம்ம ஆள் ஃபெயில்! அந்த ரோஷத்தில் ராப்பகலாகப் பயிற்சி செய்து கல்லூரி அணியில் இடம் பிடித்தார். பிறகு கை உடைந்தது. விளையாட்டு போச்சு, கோச் ஆகிவிட்டார். அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. கட்டை மேல் நின்று மிரண்ட ஆறு வயசுப் பெண்களுக்கு அதை அவர் கொடுக்கவில்லை.

சரி, ஜிம்னாஸ்டிக்ஸுக்கு எதற்கு ஓட்டம்? கம்பியில் தொங்கிச் சுழல்கிறவளுக்கு ஓடத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

வால்ட் என்கிற பிரிவைப் பாருங்கள். அதிகபட்சம் 25 மீட்டர் ஓடிவரலாம். ஓடிவந்து ஸ்பிரிங் பலகையை மிதித்து, மேஜையில் கை ஊன்றி, காற்றில் சுழன்று, தரையில் நிற்க வேண்டும். ஆகாயத்தில் இருக்கும்போது புதிதாக வேகத்தைச் சம்பாதிக்க முடியாது. ஓட்டத்தில் சேமித்ததைத்தான் அங்கே செலவழிக்கலாம். ஓட்டம் மந்தமென்றால் உயரம் கிடைக்காது. உயரம் இல்லையென்றால் சுழலுவதற்கு நேரம் இல்லை. தரையில் ஆடும் ஃப்ளோர் பிரிவிலும் இதே கணக்குதான். உடம்பை வளைப்பதைச் சொல்லித்தரலாம், தசையை வளர்க்கலாம். வேகமான காலையும் பயமில்லாத மனசையும் கொஞ்சமாவது கொண்டுவந்தால்தான் உண்டு என்பது கோச்சுகளின் கணக்கு.

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரிகிறது. கச்சாப்பொருள் வாசலுக்குள் வரும்போதே தரம் பார்த்துவிடுவது! என்ன, இங்கே கச்சாப்பொருளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

குழந்தைகளை ஓடவிட்டு அளப்பது கரோலியின் கண்டுபிடிப்பு இல்லை. சோவியத் யூனியன் 1931-லேயே ‘உழைப்புக்கும் தற்காப்புக்கும் தயார்’ என்று ஊரையே ஓடவும் தாண்டவும் வைத்தது. அமெரிக்காவில் க்ராஸ், வெபர் என்ற இரண்டு டாக்டர்கள் உருவாக்கிய ஆறு எளிய உடற்பயிற்சிகளை 1950-களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல், சுமார் 58 சதவிகிதம் பேர் ஏதாவது ஒன்றில் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளிலோ தோற்றவர்கள் 9 சதவிகிதம்கூட இல்லை. ஜனாதிபதி ஐசனோவர் அதிர்ந்துபோய் 1956-ல் இளைஞர் உடல்தகுதிக்கென்றே தனி கவுன்சில் அமைத்தார். கிழக்கு ஜெர்மனி 1973-ல் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, உயரம், எடை, ஓட்டம், தாண்டல் எல்லாவற்றையும் குறித்து, யார் எந்த விளையாட்டுக்கு என்று பிரித்தது. அமெரிக்காவின் கவலை, தோற்ற குழந்தையைத் தேற்றுவது எப்படி என்பது. கிழக்கில், தேறிய குழந்தையைப் பிடித்துக்கொள்வது எப்படி என்பது.

பேலா பிடித்த குழந்தையின் கதை ஊரறிந்தது. ஒரு பள்ளியின் இடைவேளை. மைதானத்தில் இரண்டு சிறுமிகள் கையை ஊன்றிச் சக்கரம் போலச் சுழன்றுகொண்டிருந்தார்கள். மணி அடித்தது, உள்ளே ஓடிவிட்டார்கள். பேலா வகுப்பு வகுப்பாகத் தேடிக் கண்டுபிடித்தார். ஒருத்தி பெயர் நாடியா கொமனேச்சி. (ஏற்கெனவே உள்ளூர் ‘ஃப்ளக்காரா’ குழுவில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொண்டிருந்த பெண்தான். சினிமாத்தனமான கதைகளில் இந்த விவரங்கள் காணாமல் போய்விடும்!) 1969-ல் முதன்முதலாக தேசியப் போட்டி. 13-வது இடம். பேலா ஒரு பொம்மை வாங்கிக்கொடுத்தார், இனி ஒருபோதும் 13-வதாக வரக்கூடாது என்பதை மறக்காமலிருக்க. மறு வருஷமே சாம்பியன்.

1976 ஜூலை 18, மோண்ட்ரியல். ஸ்கோர் போர்டில் 1.00 என்று காட்டியது. பத்துக்குப் பத்து எவருக்கும் கிடைக்காது என்று நம்பியதால், 10.00 காட்டும் வசதியே அந்த போர்டில் இல்லை. நாடியாவுக்கு அப்போது வயது 14. ஏழு முறை பத்து, மூன்று தங்கம். பின்னாளில் ஒலிம்பிக்ஸுக்குக் குறைந்தபட்ச வயதை 15 ஆக்கி, 1997-லிருந்து 16 ஆக்கிவிட்டார்கள். இன்றைய விதிப்படி அந்தப் பெண் அரங்கத்துக்குள்ளேயே வந்திருக்க முடியாது.

உலகம் கைதட்டியபோது ருமேனிய ரகசிய போலீஸ் ‘செக்யூரிட்டாட்டே’ எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்புகளைப் புரட்டி ஸ்டெஜரெல் ஒலாரு என்ற வரலாற்றாசிரியர் 2021-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அணிக்குள் இருந்தவர்களே உளவு சொல்லியிருக்கிறார்கள். சிறுமிகளை அடித்தது, எடை கூடிவிடும் என்று பட்டினி போட்டது, உடம்பைச் சொல்லித் திட்டியது... எல்லாம் தேதி வாரியாக. இதில் வயிற்றைப் பிசைவது எது தெரியுமா? அரசாங்கத்துக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. மெடல் வருகிறதே! கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

1981-ல் கரோலி தம்பதி அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார்கள். டெக்சாஸ் காட்டுக்குள் ஒரு பண்ணை. 2001-லிருந்து மார்த்தா அமெரிக்கப் பெண்கள் அணியின் ஒருங்கிணைப்பாளர். தேசிய அணியின் முகாம்கள் அந்தப் பண்ணையில்தான். பெற்றோருக்கு அனுமதி இல்லை. செல்போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. அங்கே வைத்தும் சிறுமிகளிடம் அத்துமீறினான் அணி டாக்டர் லாரி நாசர். 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் பேசினார்கள். 40 முதல் 175 வருஷம் வரை சிறை. தங்களுக்கு எதுவுமே தெரியாது என்றார்கள் கரோலி தம்பதி. அதே மாதம் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு பண்ணையோடு உறவை முறித்துக்கொண்டது. பேலா 2024 நவம்பரில், 82 வயதில் காலமானார்.

15 மீட்டரை எத்தனை செகண்டில் ஓடினாள் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. பயந்தாளா என்று பார்க்க ஒரு கட்டை இருந்தது. யாரைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று கேட்க எந்தப் பரீட்சையிலும் இடம் ஒதுக்கவில்லை.

நாடியா 1989 நவம்பரில் ஒரு ராத்திரி, இருட்டில் நடந்தே எல்லையைக் கடந்து ஹங்கேரிக்குள் போனார். சில வாரங்களில் சௌசெஸ்குவின் ஆட்சியே கவிழ்ந்தது.

அன்று பள்ளி மைதானத்தில் கூடச் சுழன்றுகொண்டிருந்த இன்னொரு சிறுமி? ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் தங்கவில்லை. வேறு வழியில் போய், ருமேனியாவின் முன்னணி பாலே நடனக் கலைஞர்களில் ஒருவரானார்.