சைகை காட்டும் உரிமை யாருக்கு?

பேஸ்போலைத் தங்களது தேசியப் பொழுதுபோக்கு என்று அமெரிக்கர்கள் நீண்டகாலமாகவே அழைத்து வந்திருக்கிறார்கள். அந்நாட்டுப் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் காணலாம். துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் குந்தியிருக்கும் பந்து பிடிப்பாளர் எமது கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப் போன்றவர். அவர் ஒவ்வொரு பந்துக்கும் முன்னதாக, மைதானத்தின் ஓரத்தில் தனது அணியினர் அமர்ந்திருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்புவார். அங்கிருந்து பயிற்றுநர் சில இலக்கங்களைக் கூறுவார். அந்த இலக்கங்களுக்குரிய பந்து எது என்பதைத் தனது மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையில் பார்த்து வீச்சாளருக்குத் தெரியப்படுத்துவது மாத்திரமே பிடிப்பாளரின் வேலை.

அதாவது, அடுத்த பந்து வேகமானதா, வளைந்து செல்வதா, மெதுவானதா என்பதைத் தீர்மானிப்பவர் களத்துக்கு வெளியில் இருக்கிறார். இந்த அதிகாரம் பயிற்றுநரிடம் இருக்கவேண்டுமா அல்லது பிடிப்பாளரிடம் இருக்கவேண்டுமா என்பது பல்கலைக்கழக பேஸ்போலில் ஓயாத விவாதமாகும். வெளிப்பார்வைக்கு இது ஒரு சிறிய நுட்பப் பிரச்சினை. ஆனால், தீர்மானம் எடுக்கும் பொறுப்பை இளைஞர்களிடம் எப்போது ஒப்படைப்பது என்ற பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

பிடிப்பாளருக்கு முக்கியத்துவம் கிடைத்த வரலாற்றில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது சுவாரஸ்யமானது. 19 ஆம் நூற்றாண்டில் பிடிப்பாளர்கள் முகத்துக்குப் பாதுகாப்பு எதுவும் இன்றி விளையாடினார்கள். அதனால், பெரும்பாலும் துடுப்பாட்டக்காரரில் இருந்து தூரத்திலேயே நின்றார்கள். 1877 ஆம் ஆண்டில் ஹார்வார்ட் அணியின் தலைவர் பிரெட் தையர், வாள்வீச்சு வீரர்கள் அணியும் முகமூடியைப் பின்பற்றி ஒரு கம்பிக் கவசத்தை உருவாக்கினார். அதை அணிந்துகொண்டு ஆடியவர் அதே அணியின் பிடிப்பாளர் ஜேம்ஸ் டைங். அந்தக் கவசமே பிடிப்பாளரைத் துடுப்பாட்டக்காரருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து நிரந்தரமாக அமர்த்தியது.

அவர் அமர்ந்திருக்கும் இடத்தின் பெறுமதி சாதாரணமானதல்ல. களத்தில் உள்ள சகல வீரர்களையும் தனக்கு முன்னால் காணக்கூடிய ஒரேயொரு தடுப்பாளர் அவர்தான். துடுப்பாட்டக்காரர் கால்களை அரை அங்குலம் நகர்த்தினாலும் அவருக்குத் தெரியும். வீச்சாளரின் கை களைத்துவிட்டதா என்பதைப் பந்து கையுறைக்குள் வந்து விழும் விதத்திலேயே அவர் உணர்ந்துகொள்வார். ஒரு விரலைக் காட்டினால் வேகப்பந்து, இரண்டு விரல்களைக் காட்டினால் வளைபந்து என்ற சைகைமொழி அந்த இடத்தில் இருந்தே நீண்டகாலமாகப் பேசப்பட்டு வந்தது. வீச்சாளருக்கு உடன்பாடில்லை என்றால் தலையை அசைத்து மறுக்கலாம். இறுதிச்சொல் வீச்சாளருடையதே என்றாலும், யோசனை பிடிப்பாளருடையதாக இருந்தது.

அந்தச் சைகைகள் எவ்வளவு பெறுமதியானவை என்பதற்கு அவற்றைத் திருடுவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளே சான்று. வீச்சாளரின் மேட்டுக்கும் துடுப்பாட்டக்காரருக்கும் இடையிலான தூரம் 60 அடி 6 அங்குலம் மாத்திரமே. மணித்தியாலத்துக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அரை செக்கனுக்கும் குறைவான நேரத்தில் அதைக் கடந்துவிடும். என்ன பந்து வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிபவருக்குக் கிடைக்கும் அனுகூலத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1951 ஆம் ஆண்டில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணி தனது மைதானத்தில் தொலைநோக்கியை மறைத்துவைத்து எதிரணியின் சைகைகளை வேவுபார்த்த கதை 2001 ஆம் ஆண்டில் அம்பலமானது. 2017 ஆம் ஆண்டில் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணி கமராவின் உதவியுடன் சைகைகளைத் திருடி, குப்பைத்தொட்டியில் தட்டித் தனது துடுப்பாட்டக்காரர்களுக்கு அறிவித்தது. அதற்காக 2020 ஜனவரியில் அந்த அணிக்கு 50 இலட்சம் டொலர்கள் அபராதம் விதிக்கப்பட்டது.

பயிற்றுநர்களின் வாதத்தை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. எதிரணியின் ஒவ்வொரு துடுப்பாட்டக்காரரைப் பற்றியும் குவிந்துகிடக்கும் புள்ளிவிபரங்களையும் காணொளிகளையும் ஆராய அவர்களுக்கு நேரம் இருக்கிறது. பகலில் விரிவுரைக்கும் மாலையில் பயிற்சிக்கும் ஓடும் 19 வயது மாணவனுக்கு அது இல்லை. மேலும், அணி தோற்றால் பதவியை இழப்பவர் பயிற்றுநரே தவிர மாணவன் அல்ல. பொறுப்பு யாருடையதோ அதிகாரமும் அவருடையதாகவே இருக்கவேண்டும் என்று அவர்கள் கூறுகிறார்கள்.

இத்தகைய இழுபறியை வேறு விளையாட்டுகளும் கண்டிருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தில் கிளீவ்லாண்ட் பிரவுண்ஸ் அணியின் பயிற்றுநர் போல் பிரவுண் 1956 ஆம் ஆண்டில் தனது வீரரின் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவியைப் பொருத்தினார். உடனடியாகவே அது தடைசெய்யப்பட்டது. ஆனால், 1994 ஆம் ஆண்டில் அதே முறையைத் தொழில்சார் கழகங்களின் சம்மேளனம் அங்கீகரித்தது. கிரிக்கெட் வேறு திசையில் சென்றது. 1999 உலகக்கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக ஹோவ் மைதானத்தில் ஆடியபோது, தென்னாபிரிக்க அணித்தலைவர் ஹன்சி குரொன்ஜே பயிற்றுநர் பொப் வூல்மரின் ஆலோசனைகளைக் கேட்பதற்குக் காதில் கருவியொன்றை அணிந்திருந்தார். ஆட்ட மத்தியஸ்தர் அதை அகற்றச் செய்தார். களத்தில் அணித்தலைவரின் தீர்மானமே தீர்மானம் என்ற மரபு அன்று காப்பாற்றப்பட்டது.

பேஸ்போலில் இன்று வீசும் காற்று பயிற்றுநர்களின் பக்கமாகவே இருக்கிறது. 2022 ஏப்ரலில் தொழில்சார் பேஸ்போலில் பொத்தானை அழுத்தி சைகையை அனுப்பும் மின்னியல் கருவி அறிமுகமானபோது, அது பிடிப்பாளரின் கையிலேயே கொடுக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களிலோ பயிற்றுநரின் தெரிவைக் களத்துக்குக் கொண்டுசெல்லவே மின்னியல் கருவிகள் பயன்படுகின்றன. 2025 செப்டெம்பரில் தொழில்சார் அணியான மியாமி மார்லின்ஸும் பந்துகளைக் களத்துக்கு வெளியே இருந்து தெரிவுசெய்யத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் பழக்கம் மேலே ஏறிச்செல்கிறது.

இதில் இழக்கப்படுவது என்ன? பேஸ்போலின் புகழ்பெற்ற முகாமையாளர்களில் பலர் பிடிப்பாளர்களாக இருந்தவர்கள். பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியை 1901 தொடக்கம் 1950 வரை வழிநடத்திய கொனி மக், தலா நான்கு தடவைகள் உலகத் தொடரை வென்ற ஜோ டொரே, புரூஸ் பொச்சி ஆகியோர் அவர்களில் சிலர். பிடிப்பாளரின் இடத்தில் இருந்து பல்லாயிரம் தடவைகள் சிந்தித்துப் பெற்ற அனுபவமே அவர்களைத் தலைவர்களாக்கியது எனலாம்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1923 ஆம் ஆண்டில் பட்டம்பெற்ற மோ பேர்க்கின் கதையும் சிந்தனைக்குரியது. மாணவனாக உள்களத் தடுப்பாளராக ஆடிய அவர், எதிரணியினருக்குப் புரியக்கூடாது என்பதற்காகத் தனது சகாவுடன் இலத்தீன் மொழியில் பேசிக்கொண்டாராம். பின்னர் தொழில்சார் அணிகளில் பிடிப்பாளரானார். இரண்டாவது உலகப்போரில் அமெரிக்க உளவுச்சேவை அவரை 1944 டிசம்பரில் சூரிச் நகருக்கு அனுப்பியது. அங்கு விரிவுரையாற்றிய ஜேர்மன் விஞ்ஞானி ஹைசன்பேர்க், ஹிட்லருக்காக அணுகுண்டு தயாரிக்கும் கட்டத்தை நெருங்கிவிட்டார் என்று தெரிந்தால் அவரைச் சுட்டுவிடவேண்டும் என்பதே பணிப்பு. பேர்க் உன்னிப்பாகக் கவனித்தார். அபாயம் இல்லை என்று முடிவுசெய்து துப்பாக்கியை எடுக்காமலேயே திரும்பினார். அந்த மண்டபத்தில் அவருக்குச் சைகை காட்ட எவரும் இருக்கவில்லை.

எல்லா மாணவர்களுக்கும் அப்படியொரு நாள் வரப்போவதில்லை. ஆனால், பல்கலைக்கழக அணியில் ஆடுபவர்களில் மிகப்பெரும்பாலானோர் தொழில்சார் வீரர்களாவதில்லை. அவர்கள் வைத்தியர்களாக, பொறியியலாளர்களாக, ஆசிரியர்களாகத் தனித்து நின்று முடிவெடுக்கவேண்டியவர்கள். ஆட்டத்துக்கு முன்னர் தகவல்களை எல்லாம் கொடுத்து, ஆட்டத்தின்போது தெரிவைப் பிடிப்பாளரிடம் விட்டு, ஒவ்வொரு இன்னிங்ஸின் முடிவிலும் ஏன் அந்தப் பந்தைக் கேட்டாய் என்று விசாரிப்பதில் பயிற்றுநருக்கு என்ன நட்டம்? சில ஆட்டங்களில் தோற்க நேரிடலாம். ஆனால், பாடம் புகட்டுவதற்காகவே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தவறு செய்வதற்கு வாய்ப்பே கொடுக்கப்படாத மாணவன் அங்கிருந்து எதைக் கற்றுக்கொண்டு வெளியேறுவான்?