போலி டெர்மினலைத் திறக்க இரண்டு வழிகள்

1986-இல் தொடங்கிய எர்நெட் வலையமைப்பில் இடம்பெற்ற நிறுவனங்களில் ஒன்று, அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடி. அத்தகைய வலை வழியே தொலைவிலிருந்து ஒரு யூனிக்ஸ் கணினிக்குள் நுழைபவருக்கு அந்தக் கணினியோடு இணைந்த டெர்மினல் கிடையாது. ஷெல்லுக்கோ டெர்மினல் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவது போலி டெர்மினல்: மாஸ்டர் முனை சேவை நிரலிடம், ஸ்லேவ் முனை ஷெல்லிடம். இந்த ஜோடியை சி மொழியில் திறக்க இரண்டு மரபுகள் உண்டு.

பழைய பிஎஸ்டி மரபில் ஜோடிகள் முன்பே செய்து வைக்கப்பட்டிருக்கும். /டெவ்/பிடிஒய்பி0-க்கு இணை /டெவ்/டிடிஒய்பி0. காலியான மாஸ்டர் கிடைக்கும்வரை நிரல் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்க்கும். லினக்ஸில் இப்படி 256 ஜோடிகள். ஸ்லேவின் உரிமையை மாற்ற ரூட் அதிகாரம் தேவை. அது இல்லாத நிரலுக்கு, எவரும் படிக்கக்கூடிய ஸ்லேவே பெரும்பாலும் வாய்த்தது. பக்கத்துப் பயனர் உங்கள் தட்டச்சை உருவிவிடலாம்.

சிஸ்டம் ஃபைவ் மரபு இதை அடியோடு மாற்றியது. /டெவ்/பிடிஎம்எக்ஸ் என்ற ஒரே வாசலைத் திறந்தால் புதிய மாஸ்டர் கிடைக்கும், தேடல் ஒழிந்தது. பிறகு கிராண்ட்பிடி உரிமையைச் சரிசெய்யும், அன்லாக்பிடி பூட்டைத் திறக்கும், பிடிஎஸ்நேம் ஸ்லேவின் பெயரைத் தரும். வாசலைத் திறக்கும் போசிக்ஸ்_ஓப்பன்பிடி 2001-இல் போசிக்ஸ் தரத்தில் சேர்ந்தது. லினக்ஸில் அன்லாக்பிடியை விட்டுவிட்டு ஸ்லேவைத் திறந்து பாருங்கள்: ஈஐஓ பிழை வரும். உரிமை சரியாகுமுன் யாரும் நுழையாதபடி காப்பது அந்தப் பூட்டுதான்.

பிஎஸ்டி தந்த ஓப்பன்பிடிஒய் இரு முனைகளையும் ஒரே அழைப்பில் கொடுக்கும். இன்றைய லினக்ஸில் அதுவும் உள்ளே பிடிஎம்எக்ஸ் வழியில்தான் போகிறது. சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸில் டெர்மினல் சாளரம் திறந்து டிடிஒய் என்று அடித்தால், பிடிஎம்எக்ஸ் வழியில் கிடைத்த ஸ்லேவின் /டெவ்/பிடிஎஸ்/0 போன்ற பெயரே வரும்.

சுருக்கத்துக்கு விலையும் உண்டு. ஓப்பன்பிடிஒய்யின் தலைப்புக் கோப்பு லினக்ஸில் ஒன்று, மேக்கில் வேறு, ஃப்ரீபிஎஸ்டியில் இன்னொன்று. பெயருக்கு நாம் தரும் இடத்தின் அளவையும் அது கேட்பதில்லை. அங்கே நல் (வெற்றுச் சுட்டி) கொடுப்பதே பாதுகாப்பு. நான்கு படி வழியிலும் கவனம் தேவை: பிடிஎஸ்நேம் பல திரெட்களுக்கு ஏற்றதல்ல.

அன்றாட வேலைக்கு ஓப்பன்பிடிஒய் போதும். ஆனால் கற்பவர் முதலில் நான்கு படிகளையும் கையால் எழுத வேண்டும். பழைய முறையின் எந்த ஓட்டையை எந்தப் படி அடைத்தது என்று தெரிந்தவருக்கே, ஓப்பன்பிடிஒய் தோற்றுப்போகும் நாளில் எங்கே பார்ப்பது என்று தெரியும்.